கழட்டுன பேரிங்ல இருந்த நம்பர் பொய்: 118 என்இ முன்வீல் வேலை

சத்தம் மொதல்ல கேட்டது பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டினதும். ஆம்பூர்ல ஒரு கல்யாணம், பிரியாணிய ரெண்டு ரவுண்டு போட்டுட்டு எல்லாரும் அரைத்தூக்கத்துல உக்காந்திருக்காங்க, வண்டி அறுபதுல போய்க்கிட்டிருக்கு, காலுக்கு அடியில யாரோ தம்பூரா மீட்டுற மாதிரி ‘ம்ம்ம்ம்’னு ஒண்ணு. கண்ணாடிய ஏத்திப் பார்த்தேன், எறக்கிப் பார்த்தேன், நியூட்ரல்ல விட்டுப் பார்த்தேன், எதுக்கும் மாறல. ஸ்பீடு கொறஞ்சா கொறையுது, ஏறினா ஏறுது. டயரா இருக்கும்னு மனச தேத்திக்கிட்டு வீடு வந்து சேர்ந்துட்டேன். ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன், அது என் தப்பு.

வண்டி எங்க நைனாவோடது. பிரீமியர் 118 என்இ. தெரியாதவங்களுக்கு: பத்மினி செஞ்ச அதே பிரீமியர் கம்பெனி 1985ல விட்ட மாடல், என்இ-ன்னா நிசான் இன்ஜின், 1171 சிசி. இன்ஜின் ஜப்பான்காரனோடதுன்னாலும் உடம்பு இத்தாலி, ஃபியட் 124. இந்த விஷயத்த இப்போ மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி உதவும். எனக்கு மூணு வாரம் கழிச்சுதான் உதவிச்சு.

டயர மாத்தி மாத்தி போட்டும் சத்தம் போகல. சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்ல காலைல ஆறு மணிக்கு ஆள் இல்லாத நேரம் பார்த்து ஸ்டீரிங்க மெதுவா லெஃப்ட்ல வளைச்சேன், சத்தம் ஏறுது. ரைட்ல வளைச்சேன், அடங்குது. லெஃப்ட்ல வளையும்போது வண்டி பாரம் ரைட் பக்கம் சாயும், அப்போ பாரம் ஏறுற வீல்தான் கத்துது, அதாவது ரைட் பக்கம். வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டு தூக்கி, ஸ்டாண்டு குடுத்து, வீல மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டினா டொக் டொக். இந்த டொக்குக்கு பால் ஜாயின்ட்டும் (சஸ்பென்ஷன்ல இருக்கற உருண்டை மூட்டு) காரணமா இருக்கலாம், அதனால பொண்ண உள்ள உக்கார வச்சு பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டினேன், டொக்கு போயிடுச்சு. பிரேக் மிதிச்சா ஹப்பும் (வீல் மாட்டியிருக்கற, சுத்துற குடம்) ஸ்டப்பும் (அது எது மேல சுத்துதோ அந்த அச்சு) ஒண்ணா கட்டுப்பட்டு நிக்கும், ஆட்டம் நின்னா கோளாறு பேரிங்லதான், நிக்கலன்னா ஜாயின்ட்ல. அஞ்சு பைசா செலவில்லாத டெஸ்ட் இது. இன்னொண்ணு, வீல ஒரு கையால சுத்தி விட்டுட்டு மறு கைய சஸ்பென்ஷன் சுருள்மேல வச்சுப் பாருங்க, பேரிங் கெட்டிருந்தா கைக்கு மணல் அரைக்கிற மாதிரி தெரியும்.

சரி, பேரிங். வேலூர்ல கிடைக்காதா இன்னா, ஒரு நாள் வேலைன்னு நெனச்சேன்.

கிரீஸ் மூடிய தட்டி எடுத்தேன். உள்ள இருக்கற நட் கோட்டர் பின் (கழலாம இருக்க குறுக்க சொருகுற கம்பி) போடுற நட் இல்ல, நட்டோட மெல்லிசு விளிம்ப ஸ்டப்புல இருக்கற பள்ளத்துக்குள்ள உளியால குத்தி அமுக்கி வச்சிருப்பாங்க, அதான் லாக்கு. அத நிமித்திட்டு 27 சாக்கெட் போட்டு கழட்டணும், கழட்டினா அந்த நட்ட மறுபடி உபயோகப்படுத்தாம புதுசு போடுறது நல்லது. ரெண்டு பக்கத்துக்கும் மரை ஒரே மாதிரி இல்ல, ஒண்ணு நேர் மரை, ஒண்ணு எதிர் மரை. இது தெரியாம ஒரு பக்கத்துல கால் மணி நேரம், கழட்டுறேன் கழட்டுறேன்னு பைப்பு போட்டு இறுக்கிட்டு இருந்தேன், மேல் வீட்டு தாத்தா மாடியில இருந்து பார்த்துக்கிட்டே இருந்தாரு, ஒண்ணும் சொல்லல, மத்தியானம் வந்து “எதிர் மரைப்பா அது” னாரு.

ஹப்ப உருவினேன். வெளிப் பேரிங் சின்னது, உள் பேரிங் பெருசு, ரெண்டும் டேப்பர் ரோலர், அதாவது குண்டுக்கு பதிலா ஒரு பக்கம் குறுகின உருளைங்க இருக்கற வகை. பட்டறை பாஷையில கப்பு கோனு. ரோலர் கோத்த உள் வளையம் கோனு, ஹப்புக்குள்ள அடிச்சு ஏத்துற வெளி வளையம் கப்பு. சின்ன பேரிங்கோட கோன தொடச்சா நம்பர் பளிச்சுன்னு தெரிஞ்சுது: எல்எம் 12749. பெரிய பேரிங் நீலம் பாஞ்சு கெடந்துச்சு, சூட்டுல வெந்திருக்கு, நம்பர் இருந்த எடம் வழவழன்னு தேஞ்சு போச்சு.

இங்கதான் மொத தப்பு. கப்பு ஹப்புக்குள்ள இறுக்கமா இருந்துச்சு, புதுசு வந்தப்புறம் தட்டிக்கலாம்னு விட்டுட்டு கோன மட்டும் பையில போட்டு கடைக்குப் போனேன். வேலூர்ல பேரிங் கடைங்க நல்லாவே ஓடும், ஆனா அவங்க வியாபாரம் கிணத்து மோட்டாருக்கு போடுற 6204, 6205, 6305, டிராக்டர் டிரெய்லர் சக்கரம், ரைஸ் மில்லு, குடியாத்தம் பக்கம் தறி, ராணிப்பேட்டை தோல் ஷெட் டிரம்மு. கார் பேரிங்னா ஓடுற காரோடது இருக்கும். நான் கோன நீட்டினதும் கடைக்காரர் நம்பர பார்த்தாரு, உள்ள போனாரு, ஒரு நிமிஷத்துல பெட்டியோட வந்துட்டாரு. எனக்கு அவ்ளோ சந்தோஷம். பெரிய பேரிங்குக்கு அளவு எடுத்துக்கினு வாங்க பாக்கலாம்னாரு.

வீட்டுக்கு வந்து பழைய சின்ன கப்ப பித்தளை கம்பி வச்சு தட்டி எடுத்துட்டு புதுசு ஏத்தினா ஏறல. சாயாம நேரா வச்சு தட்டினேன், ஏறல. கப்பு இறுக்கமாதான் போகும், அது தெரியும், ஆனா இறுக்கம்னா மில்லிமீட்டர்ல நூறுல ஒரு ரெண்டு மூணு பங்கு. இது வாயிலயே உக்காராம மேல நிக்குது. ஒர்க்‌ஷாப்புல வேலை செய்யுற பையன் ஒருத்தன கூப்பிட்டு காமிச்சேன், அவன் ஒரே வார்த்தைல “லேத்துல குடுத்து ஹப்ப கொஞ்சம் கடைஞ்சிடலாம்ணா” ன்னான். நல்ல வேளை அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, லேத்து லீவு.

சாயந்தரம் வெர்னியர எடுத்து வச்சு நிதானமா அளந்தேன். பழைய கப்பு வெளி அளவு 45.2. புது கப்பு 45.97. அடப்பாவி. பெட்டிய பார்த்தா 12749/11ன்னு போட்டிருக்கு, பழைய கப்புல மண்ணெண்ணெய் ஊத்தி தேச்சா 10ன்னு தெரியுது. அதாவது இந்த இன்ச் சைஸ் பேரிங்ல கோனுக்கு ஒரு நம்பர், கப்புக்கு தனியா ஒரு நம்பர். 12749ங்கறது கோனு. அதே கோனுக்கு ரெண்டு வித கப்பு வருது, 12710ன்னா 45.237 மில்லி, 12711ன்னா 45.974. முக்கால் மில்லி வித்தியாசம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். முன்னாடி இருக்கற எல்எம் லைட் மீடியம், பாரம் தாங்குற வகைய சொல்றது, 1898ல டேப்பர் பேரிங்குக்கு பேட்டன்ட் வாங்கின டிம்கன் ஆரம்பிச்ச கம்பெனி வழியில வந்த கணக்கு. கடைக்காரர் மேல தப்பே இல்ல, நான் கோன மட்டும் கொண்டு போனேன், அவர் ஓடுற சரக்க குடுத்தாரு. பெட்டி பிரிக்காத மாதிரி தொடச்சு வச்சு திங்கக்கெழம மாத்திக்கலாம்னு இருந்தேன்.

மாத்தியிருந்தா 12749/10 அழகா உள்ள போயிருக்கும், நானும் அடுத்த பத்து வருஷம் அந்த சத்தத்தோடவே ஓட்டியிருப்பேன்.

ராத்திரி சாப்பாட்டுக்கு கூப்புடுறாங்க, அதுக்குள்ள ஸ்டப்ப தொடச்சு வச்சிடலாம்னு பனியன் துணியில கிருஷ்ணாயில் நனைச்சு தேய்க்கிறேன், வெளிப் பேரிங் உக்காருற எடத்துல, ஓரத்துல, மயிர் கனத்துக்கு ஒரு கோடு. கீறல்னு நெனச்சு நகத்த வச்சேன், நகம் மாட்டுது. சுத்திப் பார்த்தா கோடு முழு வட்டம். பிளையர்ல துணி சுத்தி திருகினேன், ஸ்டப்பு தோல் உரியுற மாதிரி சுத்துது! உருவி எடுத்தா கையில ஒரு மெல்லிசு இரும்பு புஷ்ஷு, குட்டிக் குழாய் மாதிரி. உள் அளவு 19, வெளி அளவு 22க்கு ஒரு இழை கம்மி, சுவர் கனம் ஒண்ணரை மில்லி.

அப்படியே திண்ணையில உக்காந்துட்டேன். எந்தப் புண்ணியவானோ எப்பவோ சரியான பேரிங் கிடைக்காம, கிடைச்ச பேரிங்குக்கும் ஸ்டப்புக்கும் நடுவுல ஏத்த மாதிரி புஷ்ஷ கடைஞ்சு செருகியிருக்கான். மறுநாள் லெஃப்ட் பக்கத்த கழட்டிப் பார்த்தேன், அங்க கம்பெனி காலத்து பேரிங்கே இருந்துச்சு, நம்பர் எல்எம் 11949, கப்பு 11910. ஓட்டை 19.05, அதாவது முக்கால் இன்ச். கப்பு வெளி அளவு 45.237. கவனிங்க, 12710 கப்பும் அதே 45.237தான், அகலமும் ரெண்டு செட்டுக்கும் அதே 15.494. வெளிய அச்சு அசல் ஒரே உருவம், உள் ஓட்டை மட்டும் மூணு மில்லி பெருசு. அதனாலதான் அந்த ஆளு ஹப்ப தொடாம ஒரு புஷ்ஷோட வேலைய முடிச்சிட்டான். திட்டணும்னு வாய் வருது, ஆனா மூளைய மெச்சாமயும் இருக்க முடியல. என்ன, புஷ்ஷு சும்மா வழுக்கிப் போட்டது, காலப்போக்குல ஸ்டப்பு மேல சுத்த ஆரம்பிச்சிடுச்சு, இடைவெளி ஏறினதும் ஹப்பு ஆடி, அந்த ஆட்டத்தோட பாரம் உள் பேரிங் மேல விழுந்து அதுவும் வெந்துடுச்சு.

இதுக்கப்புறம் நம்பர பார்க்குறதையே விட்டுட்டேன். கழட்டுன பேரிங்ல இருக்கற நம்பர் கடைசியா கைய வச்சவன் எத போட்டான்னு சொல்லும், அவ்ளோதான். வண்டிக்கு எது வேணும்னு ஸ்டப்பையும் ஹப்பையும் கேக்கணும்.

சேண்பாக்கம் பக்கம் எங்களுக்கு தெரிஞ்ச லேத்து பட்டறை ஒண்ணு, பெரியவர் எழுபது வயசு இருக்கும், அவர்கிட்ட மைக்ரோமீட்டர் இரவல் கேட்டேன். “கீழ போட்டுடாத நைனா, எம் பொண்டாட்டிய விட அதிக வருஷம் எங்கூட கீது” ன்னு சொல்லி துணி சுத்தி குடுத்தாரு. மொதல்ல ஸ்டப்பு. புஷ்ஷு சுத்தின எடத்துல மூணு திசையில அளந்தேன், 19.03, 19.03, 19.04. தப்பிச்சோம், தேய்மானம் பெருசா இல்ல, லெஃப்ட் பக்கமும் 19.04தான் காட்டுது, கோனு அங்க கையால வழுக்கி ஏறுற ஃபிட்டுதான். வெளிப் பேரிங் கதை முடிஞ்சுது, 11949/10, இது உலகம் பூரா டிரெய்லருக்கு போடுற சாதாரண சைஸ், அதே கடையில ரெண்டு செட்டு வாங்கிட்டேன், முன்னாடி வாங்கினத மூஞ்சி சுளிக்காம திருப்பி எடுத்துக்கிட்டாரு.

உள் பேரிங்தான் ஆட்டம் காட்டிச்சு. ஸ்டப்பு அளவு 26க்கு ஒரு இழை உள்ள. கப்பு வெளிய 57.15. அகலம் 17.46. கடைக்காரர்கிட்ட சொன்னா சிரிக்கிறாரு. “சார், 26ல பேரிங்கே கெடையாது. 25 கீது, 28 கீது, ஒரு இன்ச்னா 25.4 கீது. நீங்க சரியா அளக்கல.” அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, மெட்ரிக் பேரிங்ல ஓட்டை 20, 25, 30ன்னு அஞ்சு அஞ்சாதான் ஏறும், நடுவுல 22, 28ன்னு ஒண்ணு ரெண்டு. நானும் சந்தேகப்பட்டு மறுபடி வந்து அளந்தேன், லெஃப்ட் பக்கம் அளந்தேன், மச்சான கூட்டிட்டு வந்து அளக்கச் சொன்னேன். மச்சான் ராணிப்பேட்டைல தோல் ஷெட்டுல மெயின்டனன்ஸ், பேரிங் விஷயத்துல அவன் சொன்னா சரியா இருக்கும். அவனுக்கும் 26தான் வந்துச்சு. அவன்தான் இன்னொண்ணு கவனிச்சான்: “மாமா, 57.15ன்னா ரெண்டே கால் இன்ச். 17.46ன்னா பதினாறுல பதினோரு பங்கு இன்ச். வெளியெல்லாம் இன்ச்சு, ஓட்டை மட்டும் மில்லிமீட்டரு. இது எவனோ தனியா ஆர்டர் குடுத்து செஞ்சது.”

அப்போ ஃபியட்டே கேட்டு வாங்கியிருக்கான்னு எனக்கு அப்போ தோணல, அதான் என் மரமண்டை. மெட்ராஸ் கெளம்பிட்டேன்.

புதுப்பேட்டைல ஒரு நாள் முழுக்க. அந்த தெருவுக்கு போனவங்களுக்கு தெரியும், வண்டிய உரிச்சு சாமானா தொங்க விட்டிருப்பாங்க, 118ன்னு சொன்னதும் பாதி பேரு பத்மினி ஹப்ப எடுத்து நீட்டுறாங்க. ஒரு கடையில 118 ஹப்பே முழுசா கெடைச்சுது, ஆசையா திறந்தா உள்ள இருந்த பேரிங் என்னோடத விட மோசம். ஜிபி ரோட்டுல புது சாமான் கடைங்கள்ல மாடல் பேர கேட்டதுமே தலைய ஆட்டிட்டாங்க. பாரிமுனை பக்கம் பேரிங் மொத்த வியாபாரம் பண்ற கடையில ஒருத்தர் பொறுமையா கேட்டு, ஒரு பேரிங்க எடுத்து வச்சாரு, வெளி அளவு ரெண்டே கால் இன்ச் அச்சு அசல், ஓட்டை ஒரு இன்ச். “0.6 மில்லிதானே, ஸ்டப்ப கிரைண்டிங்ல குடுத்து தேச்சிக்கோங்க, எல்லாரும் செய்யுறதுதான்.”

மத்தியான வெயில், பசி, கையில பேரிங் இருக்கு, ஆசை வந்துச்சு, பொய் சொல்லல. ஆனா ஸ்டப்புல உள் பேரிங் உக்காருற எடம் எதுன்னா, வண்டியோட ஒரு மூலை பாரம் முழுக்க வளைக்கப் பார்க்குற எடம் அதுதான். அங்க ஸ்டப்பு அடியில ஒரு வளைவு குடுத்து செஞ்சிருப்பான், கூரான மூலை இல்லாம, ஏன்னா கூரா இருந்தா விரிசல் அங்கதான் பிறக்கும். அத போய் தேச்சு, ஒல்லியாக்கி, அடியில ஒரு படி விட்டோம்னா என்னைக்காவது பைபாஸ்ல வீல் தனியா நம்மள ஓவர்டேக் பண்ணிட்டுப் போகும். அதுவுமில்லாம அந்த பேரிங் அகலம் ரெண்டு மில்லி அதிகம், ஹப்பே வெளிய தள்ளி நிக்கும். புஷ்ஷு போட்டவனாவது ஸ்டப்ப கெடுக்காம விட்டான். வேணாம்ணான்னு சொல்லிட்டு வெறுங்கையோட ரயில் ஏறினேன். வாலாஜா ரோடு தாண்டும்போது ஒரே கடுப்பு, ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கியிருந்தா வீட்டுலயாவது நல்ல பேரு கெடைச்சிருக்கும்.

அன்னைக்கு ராத்திரிதான் பல்பு எரிஞ்சுது. 118ன்னு கேட்டா யாரும் குடுக்க மாட்டாங்க, அந்த மாடல் செய்யுறதையே நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா வண்டி ஃபியட் 124. 1966ல வந்தது, மறு வருஷமே ஐரோப்பாவோட சிறந்த கார்னு பரிசு வாங்குனது. அத ஸ்பெயின்ல செயாட்டும் செஞ்சான். எல்லாத்துக்கும் மேல ரஷ்யாக்காரன் செஞ்சான். டோலியாட்டின்னு இத்தாலி கம்யூனிஸ்ட் தலைவர் பேரையே ஊருக்கு வச்சு, அங்க ஃபேக்டரி போட்டு, 1970ல இருந்து லாடான்னு லட்ச லட்சமா தள்ளினான், அந்த குடும்பத்து வண்டி போன பத்து பதினஞ்சு வருஷம் முன்ன வரைக்கும்கூட ஓடிக்கிட்டு இருந்துச்சு. அங்க முன்வீல் பேரிங் என்ன சைஸ்னு தேடினேன். வெளிப் பேரிங் நம்பர் 7804: 19.05, 45.237, 15.494. உள் பேரிங் நம்பர் 7805: 26, 57.15, 17.462.

சத்தியமா சொல்றேன், ராத்திரி பதினோரு மணிக்கு மச்சானுக்கு போன் போட்டு எழுப்பினேன். அவன் “சரி மாமா” ன்னுட்டு வச்சிட்டான்.

அதுக்கப்புறம் தேடுறது சுலபமாச்சு. வண்டி பேரயே சொல்றதில்ல. நாலு கடைக்கு போன் போட்டு மூணு அளவையும் 7805ங்கற நம்பரையும் மட்டும் சொன்னேன். பெங்களூர் ஜேசி ரோட்டுல ஒரு பழைய கடையில “இருங்க பாக்குறேன்” னாரு, அரை மணி நேரம் கழிச்சு அவரே கூப்பிட்டு ரெண்டு இருக்குன்னாரு. மறுநாள் காட்பாடில பிருந்தாவன் புடிச்சு போயிட்டேன். பரண்ல இருந்து எறக்கின அட்டைப்பெட்டி, எழுத்தெல்லாம் மங்கிப் போய், உள்ள மெழுகுக் காகிதம், காகிதத்துக்குள்ள கெட்டிப் போன பழைய கிரீஸு. மைக்ரோமீட்டர கையோட கொண்டு போயிருந்தேன், பெரியவருக்கு தெரியாது, கவுன்ட்டர்லயே அளந்தேன். கடைக்காரர் கொஞ்சம் மொறைச்சாரு. கப்பு உள் பக்கத்த நகத்தால ஒரு சுத்து தடவிப் பார்த்தேன், துரு புள்ளி இருந்தா நகத்துல தட்டும், எதுவும் தட்டல. ரெண்டும் சேர்த்து ரெண்டாயிரத்தி இருநூறு. பேரம் பேசாம வாங்கின ஒரே சாமான் என் வாழ்க்கைல இதுதான்.

கிரீஸ் வெளிய வராம அடைக்கிற ஆயில் சீலும் இதே மாதிரி அளவு சொல்லி வாங்கினேன், 40, 57, 10. இது நம்ம ஊருலயே கெடைச்சுது.

மாட்டுற வேலை. புது பேரிங்க பாத்திரத்துல கிருஷ்ணாயில் ஊத்தி ரெண்டு தடவ கழுவி, பழைய கிரீஸ் ஒரு பொட்டு இல்லாம எடுத்து, நிழல்ல காய வச்சேன். காத்து அடிக்கிற மெஷின் வச்சு பேரிங்க விர்ருன்னு சுத்த விட்டு காய வைக்காதீங்க, எண்ணெய் இல்லாம அந்த வேகத்துல சுத்தினா ஓடுறதுக்கு முன்னாடியே கீறிடும். நாலு கப்பையும் பிளாஸ்டிக் பையில சுத்தி ராத்திரி ஃப்ரீசர்ல வச்சேன். காலைல வீட்டம்மா ஐஸ் எடுக்கப் போய் கையில பேரிங் கப்போட வந்து நின்னாங்க, அந்த பேச்சு இங்க வேணாம். ஹப்ப சூடு பண்ணணும்னு மச்சான் சொன்னான், அடுப்பெல்லாம் எதுக்கு, அக்னி நட்சத்திரத்துல வேலூர் மொட்டை மாடி இருக்கு. பதினோரு மணிக்கு தகரம் மேல ஹப்ப வச்சேன், ரெண்டு மணிக்கு துணி இல்லாம தொட முடியல. குளிர்ந்த கப்பு சுருங்கியிருக்கும், காஞ்ச ஹப்பு கொஞ்சமாவது விரிஞ்சிருக்கும், பழைய கப்ப ஒரு எடத்துல கிரைண்டர்ல வெட்டி விட்டு அதையே மேல வச்சு தட்டினேன், அது லேசா சுருங்கிக் குடுக்கும், உள்ள மாட்டிக்காம திரும்ப வந்துடும். டிங் டிங்னு போய்க்கிட்டே இருந்து கடைசில ‘டொக்’னு கனமா ஒரு சத்தம், அடி உக்காந்தாச்சுன்னு அர்த்தம். அந்த சத்த மாத்தம் வராம நிறுத்தக் கூடாது.

கிரீஸ் உள்ளங்கையில ஒரு உருண்டை எடுத்துக்கிட்டு, கோனோட அகலப் பக்கத்த அதுல குத்தி குத்தி இழுக்கணும், ரோலர் நடுவுல பூந்து மேல் பக்கம் புழு புழுவா வெளிய வர்ற வரைக்கும். ஹப்பு வயித்துல கொஞ்சம், மூடியில கொஞ்சமா ஒரு பூச்சு. மூடி நிறைய அமுக்கி அடைச்சா சூட்டுல விரிஞ்சு சீல் வழியா பிரேக்குல வழியும்.

இறுக்கம்தான் கடைசி பரீட்சை. டேப்பர் பேரிங்க கையால ‘போதும்’னு தோணுற அளவுக்கு இறுக்குறதுதான் நம்ம ஊரு வழக்கம், கை பழகின மெக்கானிக்குக்கு அது சரிதான், எனக்கு பழகல. லாடாவுக்கு சொல்லியிருக்கற முறை: ஹப்ப ரெண்டு பக்கமும் சுத்திக்கிட்டே 2 கிலோ-மீட்டர் முறுக்கு (ஒரு மீட்டர் நீள கைப்பிடி முனையில ரெண்டு கிலோ இழுத்தா வர்ற முறுக்கு, தூரம் இல்ல) குடுத்து இறுக்கு, தளர்த்து, மறுபடி 0.7 குடுத்து இறுக்கு, அங்க இருந்து 20, 25 டிகிரி பின்னாடி விடு. கடைசில ஆட்டம் 0.02ல இருந்து 0.08 மில்லிக்குள்ள இருக்கணும். என்கிட்ட இருக்கற, முறுக்க அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் வீல் நட்டுக்கு உண்டானது, இவ்ளோ சின்ன கணக்கு அதுல வராது. தெருவுல வர்ற பழைய பேப்பர்காரர நிறுத்தி அவரு ஸ்பிரிங் தராச பத்து நிமிஷம் வாங்கினேன். நட்டு நடுவுல இருந்து கைப்பிடில 25 சென்டிமீட்டர் தள்ளி கயிறு கட்டி தராசோட கொக்கிய மாட்டி இழுத்தா, 8 கிலோ காட்டும்போது 2, 2.8 கிலோ காட்டும்போது 0.7. கணக்கு சுத்தமா வருது. பேப்பர்காரர் குந்திக்கினு கடைசி வரைக்கும் பார்த்தாரு, “இத்த எடைக்கு போடப்போறியாண்ணா” ன்னு மட்டும் கேட்டாரு. 25 டிகிரின்னா நட்டோட ஒரு பட்டைக்கு 60 டிகிரி, அதுல பாதிக்கும் கொஞ்சம் கம்மி, சாக்பீஸ்ல கோடு போட்டு விட்டேன். பெரியவர்கிட்ட இன்னொரு தடவ போயி, ஆட்டத்த முள்ளுல காட்டுற டயல் கேஜ் வாங்கிட்டு வந்து வச்சுப் பார்த்தா ரைட்டு 0.05, லெஃப்டு 0.06. நட்டு விளிம்ப பள்ளத்துல குத்தி அமுக்கி மூடிய தட்டிட்டேன்.

விரிஞ்சிபுரம் வரைக்கும் போயிட்டு வந்தேன். அறுபது, எழுபது, ஒரு தடவ எண்பது. தம்பூரா இல்ல. எறங்கி ரெண்டு ஹப்பையும் தொட்டா ஒரே மாதிரி வெதுவெதுப்பு. அறுநூறு கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி டயல் வச்சேன், ரெண்டுமே 0.06, தொடாம மூடிட்டேன். டாஷ்போர்டு பெட்டி மூடிக்கு உள்பக்கம் பெயின்ட் பேனால ரெண்டு பேரிங் அளவும் சீல் அளவும் எழுதி வச்சிருக்கேன்.

மைக்ரோமீட்டரையும் டயலையும் திருப்பிக் குடுக்கப் போனப்போ, வேடிக்கையா காமிக்கலாமேன்னு அந்த புஷ்ஷையும் எடுத்துட்டுப் போனேன். “பாருங்க பெரியப்பா, எந்த மகராசனோ இத வச்சு எங்க நைனாவ ஏமாத்தியிருக்கான்.” கண்ணாடிய மேல ஏத்திக்கிட்டு வாங்கினாரு. விளிம்ப விரலால தடவினாரு. ரொம்ப நேரம் பேசல.

“இது நான் கடைஞ்சதுபா. உங்க நைனாதான் வந்து நின்னாரு, மறுநா காலைல திருப்பதி போவணும், பேரிங்கு மெட்ராஸ்ல இருந்து வரணும்னா நாலு நாளாவும்னாரு. போய்ட்டு வர்ற வரைக்கும் தாங்கினா போதும், வந்து மாத்திக்கிறேன்னாரு.” பதினெட்டு வருஷம் இருக்கும் அந்த திருப்பதி பயணம், பின் சீட்டுல நானும் இருந்தேன், எனக்கு ஞாபகம் இருக்கறது மொட்டை தலையோட ஜன்னல் காத்து மட்டும்தான்.

நான் வாயத் திறக்கறதுக்குள்ள பெரியவர் துணியப் பிரிச்சு மைக்ரோமீட்டர எடுத்துட்டாரு. புஷ்ஷ வெளிச்சத்துல புடிச்சு அளந்து, எனக்கும் காமிச்சாரு. “21.98. பாத்தியா, இன்னும் அளவு மாறல.”